2018 குறிஞ்சி போட்டோல போட்ட ஃபில்டரை எடுக்க முடியுமா?

பூண்டுக்காடு:
மக்களே ஒரு ஹெல்ப். 2018-ல கொடைக்கானல்ல குறிஞ்சி பூத்தப்ப அப்பத்தாவை பூவுக்கு நடுவுல நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தேன், அப்ப காலேஜ் படிச்சிட்டு இருந்தேன், எதுக்கெடுத்தாலும் இன்ஸ்டால நாஷ்வில் ஃபில்டர் போடுற வியாதி, அதையும் அப்படியே போட்டு ஏத்திவிட்டேன். இப்ப பூம்பாறைல வீட்டு முன்னாடி சின்னதா டீக்கடை போட்டிருக்கோம், சுவத்துல பெருசா பிரிண்ட் போட்டு மாட்டலாம்னு பாத்தா பூ ஊதாவே இல்ல, ரோஸா இருக்கு. அப்பத்தா பாத்துட்டு "இது என்னடா காகிதப்பூவா"ன்னு கேக்குது. பழைய போனும் இல்ல. ஃபில்டரை மட்டும் உரிச்சு எடுக்க எதாச்சும் ஆப் இருக்கா?

மூட்டம்:
உரிக்கிறதுக்கு அது ஒண்ணும் ஸ்டிக்கர் இல்ல தம்பி 😀 ஃபில்டர் போட்டு சேவ் ஆனதும் ஒவ்வொரு பிக்சலோட கலரும் மாறி புது ஜேபெக்கா வந்துடும், பழைய கலர் அதுக்குள்ள ஒளிஞ்செல்லாம் இருக்காது. ஐபோன்ல போட்டோஸ் ஆப்லயே எடிட் பண்ணிருந்தா ஒரிஜினலையும் கூடவே வச்சிருக்கும், ரிவர்ட் குடுத்தா வந்துடும். இன்ஸ்டால ஏத்துனதுக்கு அந்த வழி கிடையாது.

ஒண்ணு சொல்லு, ஷட்டரை இன்ஸ்டாக்குள்ளயே அமுக்குனியா, இல்ல போன் கேமரால எடுத்துட்டு அப்புறம் உள்ள போட்டியா? ரெண்டாவதுன்னா ஒரிஜினலை ஃபில்டர் தொட்டே இருக்காது. போன் போனாலும் கூகுள் போட்டோஸ்ல தேடு, 2021 ஜூன் வரைக்கும் ஹை குவாலிட்டி பேக்கப் அளவில்லாம ஃப்ரீயா இருந்துச்சு, நம்மள்ல பாதி பேர் ஆன் பண்ணதே தெரியாம ஆன் பண்ணி வச்சிருந்தோம். பழைய மெயில் ஐடி என்னன்னு யோசி. ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல அந்த அக்கவுண்டை தொடலன்னா கூகுள் அழிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால இன்னிக்கே பாரு.

ஏரிச்சாலை அக்கா:
ஏஐ ஆப்ல மட்டும் குடுத்துராதப்பா. எங்க அம்மா போட்டோவை ஒண்ணுல குடுத்தேன், கலர் நல்லாத்தான் வந்துச்சு, மூக்குத்தியைக் காணோம், கன்னத்து மருவைக் காணோம், யாரோ டீவி சீரியல் மாமியார் மாதிரி ஆக்கிடுச்சு. அது ஃபில்டரை எடுக்கல, இப்படித்தான் இருந்திருக்கும்னு அதுவா வரைஞ்சு குடுக்குது.

ஊட்டிவர்க்கி:
ஸ்னாப்சாட்ல நாய்க்காது வச்சு எடுத்ததுக்கும் இதே கதைதானா? என் கல்யாண ஆல்பமே அப்படி இருக்கு

மூட்டம்:
@ஊட்டிவர்க்கி அது இன்னும் மோசம். காதுக்கு பின்னாடி உங்க நெத்தி எப்படி இருந்துச்சுன்னு படத்துல தகவலே இல்ல. கல்யாணத்துக்கு யாருங்க நாய்க்காது வச்சது

பூண்டுக்காடு:
போன் கேமராலதான் எடுத்தேன்! ஆனா பழைய மெயில் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, ரெக்கவரி நம்பரும் அந்தப் பழைய சிம்முதான் 🤦 முயற்சி பண்றேன். அது வரலன்னா?

நெகடிவ் தாத்தா:
தம்பி, 2000 வரைக்கும் கலர் லேப்ல வேலை பாத்தவன் சொல்றேன். ஒரிஜினல் கிடைக்கலன்னா கிட்டத்தட்ட கொண்டுவரலாம், அச்சு அசலா வராது. ஸ்னாப்ஸீடுன்னு போட்டோ எடிட் பண்ற ஆப்ல ஒயிட் பேலன்ஸ் எடுத்து, படத்துல நிஜமாவே வெள்ளையா இருந்த ஒரு இடத்தைத் தொடு, மைல்கல்லு, கோயில் சுவரு, எதுவானாலும் சரி. ரோஸ் சாயம் பாதி இறங்கிடும். நாஷ்வில் கான்ட்ராஸ்டையும் குறைச்சிருக்கும், அதைக் கொஞ்சம் ஏத்து. ஆனா பனிமூட்டமும் வானமும் ஒரே வெள்ளையா, பிக்சலோட உச்ச அளவான 255-ல போய் முட்டியிருந்தா அந்த இடம் போனது போனதுதான். அப்புறம், குறிஞ்சி எல்லாமே ஒரே கலர்னு நினைச்சு இழுக்காத, புதுசா விரிஞ்சது வெளிர் நீலமா இருக்கும், பழசாக பழசாகத்தான் ஊதா ஏறும். எதிர்ல அப்பத்தாவை உக்கார வச்சுக்கிட்டு பண்ணு, 1994-லயும் 2006-லயும் பாத்த கண்ணு அது.

பிரிண்ட் பெருசா போடாத. இன்ஸ்டால இருந்து எடுத்த படம் 1080 பிக்சல் அகலம்தான், 12 இன்ச்சுக்கு அடிச்சா இன்ச்சுக்கு 90 பிக்சல், கிட்ட போய் பாத்தா புள்ளி புள்ளியா தெரியும். 6 இன்ச்சு போதும்.

பூண்டுக்காடு:
தாத்தா சொன்னபடி பண்ணிட்டேன், கோயில் சுவரைத் தொட்டதும் பூ நீலத்துக்கு வந்துடுச்சு, அப்பத்தா புடவைதான் இப்ப பச்சையா தெரியுது. நிஜத்துல அது என்ன கலருன்னு கேட்டா "மாம்பழ கலருடா"ங்குது, சித்தி இல்ல அரக்குங்குறாங்க, ராத்திரி சோறு திங்காம இதே சண்டை. அப்பத்தா கடைசியா "2030-ல அதே புடவையை கட்டிக்கிட்டு வரேன், அந்த கருமத்தை போடாம எடு"ன்னுட்டு தூங்கப் போயிடுச்சு. பாஸ்வேர்டு இன்னும் கிடைக்கல.