அலாய் வீல் பவுடர் கோட்டிங்: ஹப்பைச் சுற்றி மட்டும் ஊசிப்பொத்தல்

வண்டி பல்சர் 220, 17 இன்ச் பின் வீல். மூணு வாரம் முன்னாடி பெங்களூர் பீன்யாவில் மேட் பிளாக் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளைத் தூவி அடுப்புல சுட்டு ஒட்ட வைக்கிறது) அடிச்சது. அடுப்புல இருந்து எடுக்கும்போதே ஹப் (வீலோட நடுப்பகுதி), ஸ்போக் அடி ரெண்டுலயும் கடுகு சைஸ் கொப்புளம். நகத்தால கீறினா உள்ளே ஊசிப்பொத்தல், அடியில வெறும் அலுமினியம். ரிம் ஓரத்துல ஒண்ணுகூட இல்லை. வார்ப்புல தடிமனான இடத்துல மாட்டிக்கிட்ட காத்தும் எண்ணெயும் சூட்டுல வெளியே வருதுன்னு நினைக்கிறேன்.

இதுவரை செஞ்சது: பேரிங், ஆயில் சீல் கழட்டியாச்சு (கழட்டாம அடுப்புல வைக்கிறவங்களும் இருக்காங்க, கிரீஸ் உருகி எல்லாம் பாழ்). ஸ்ட்ரிப்பர் போட்டு உரிச்சு, மறுபடி பிளாஸ்டிங் (துகளை வேகமா பீச்சி சுத்தம் பண்றது), அசிட்டோன் துடைப்பு. வெறும் வீலை 200 டிகிரியில 30 நிமிஷம் முன்சூடா சுட்டு, ஆறவிட்டு, பாலியெஸ்டர் பவுடர் 80 மைக்ரான் தடிமன். பவுடரை உருக்கி இறுக வைக்கிற க்யூரிங்கும் அதே 200தான். பொத்தல் பாதி குறைஞ்சுது, போகலை. பட்டி பூசச் சொல்லாதீங்க, சாதாரண பட்டி அந்தச் சூடு தாங்காது.

ரொம்ப சூடேத்தினா அலாய் பலம் குறையும்னு பயம். அதனால ஒரே கேள்வி: முன்சூட்டை 220க்கு ஏத்தி ஒரு மணி நேரம் வைக்கலாமா, இல்ல கேஸ் விடுற வார்ப்புக்குன்னே வர்ற எபாக்ஸி பிரைமர் பவுடர் போடுறதா?