லெப்பவாரா (ஃபின்லாந்து) தமிழ்க் குழு: சம்பளச் சீட்டில் ‘கைது’

கார்த்தி: யாராவது இருக்கிறீர்களா? முதல் சம்பளம் வந்துவிட்டது. 1,150 யூரோ வர வேண்டியது. கணக்கில் 370கூட இல்லை. 😟

கார்த்தி: சம்பளச் சீட்டை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டேன். ஒரு வரியில் ‘கைது’ என்று வருகிறது. பயமாக இருக்கிறது அண்ணா.

மீனா: கைதா? துப்புரவு வேலைக்குத்தானே போனாய்?

செல்வம்: தம்பி, அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது? ஃபின்னிஷில் இருப்பதை அப்படியே சொல்.

கார்த்தி: என்னகொன்பிடத்யுஸ். நீளமாக இருந்ததால் பாதியாக வெட்டிப் போட்டேன். ‘பிடத்யுஸ்’ என்று போட்டால்தான் கைது.

செல்வம்: 😄 உன்னை யாரும் பிடிக்கவில்லை. போலீஸ் ஆளைப் பிடித்தாலும் ‘பிடத்யுஸ்’தான், சம்பளத்தில் வரியைப் பிடித்தாலும் ‘பிடத்யுஸ்’தான். ‘என்னகொ’ என்றால் முன்பணம் மாதிரி. வருடக் கடைசி வரிக் கணக்குக்கு முன்னாலேயே மாதா மாதம் பிடித்துக்கொள்வது. ஊரில் ‘பிடித்தம் போகக் கையில் எவ்வளவு’ என்று கேட்போமே, அதே பிடித்தம்தான்.

மீனா: பிடத்யுஸ்... பிடித்தம்! எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், என் காதில் இது விழவே இல்லையே.

செல்வம்: தற்செயல்தான், இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் இனி மறக்காது. கார்த்தி, அந்த வரியில் எவ்வளவு?

கார்த்தி: 690.

செல்வம்: சரியாக 60 சதவீதம். அப்படியென்றால் நீ வரி அட்டை கொடுக்கவில்லை, அதாவது உனக்கு எத்தனை சதவீதம் பிடிப்பது என்று வரித்துறை தரும் தாள். அட்டை இல்லாவிட்டால் 60 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும், அவர்கள் மேல் தப்பில்லை. மீதியில் ஓய்வூதியத்துக்கும் வேலையின்மைக் காப்பீட்டுக்கும் கொஞ்சம் போயிருக்கும்.

லதா: அட்டைக்குப் பெயரே வெரொகொர்த்தி. வெரொ என்றால் வரி. உன் பெயரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மறந்திருக்கிறாய் கார்த்தி!

கார்த்தி: 🙈 பிடித்த பணம் போய்விட்டதா அக்கா?

லதா: போகாது. வரித்துறையின் இணையதளத்தில் அட்டையை எடுத்து இன்றைக்கே அனுப்பு. இந்த வருடத்துக்குள் என்றால் கம்பெனியே அடுத்த சம்பளத்தில் சரிக்கட்டலாம். இல்லையென்றால் அடுத்த வருடம் வரி திரும்ப வரும்போது கிடைக்கும்.

கார்த்தி: மேற்பார்வையாளருக்கு ‘என் ஸானுத் பல்க்கா’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

செல்வம்: அனுப்பாதே! அதற்கு அர்த்தம் ‘எனக்குச் சம்பளமே கிடைக்கவில்லை’. உனக்குக் கிடைத்திருக்கிறது, குறைவாக. ‘ஸைன் பல்கன்’ என்றால் சம்பளத்தை வாங்கிவிட்டேன், முழுதாக. ‘ஸைன் பல்க்கா’ என்றால் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. இன்றைக்கு உன் நிலைமை இரண்டாவது.

மீனா: பல்க்க, பல்க்கா... இந்தக் குறில் நெடிலில்தான் என் வீட்டுக்காரர் தினமும் வழுக்கி விழுகிறார்.

செல்வம்: தமிழ் படித்தவருக்கு அது கஷ்டமாக இருக்கவே கூடாது. நமக்குப் படி வேறு, பாடி வேறு. இவர்களுக்கும் அதே மாதிரிதான். பல்க்க என்பதில் இரட்டைக் ‘க்க’, பல்கன் என்பதில் ஒற்றை. அதுதான் பாடம்.

லதா: நான் வந்த புதிதில் சம்பளம் தாமதமானது. நேரே போய் ‘மிஸ்ஸ மினுன் பல்கின்தொ?’ என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பு! பல்கின்தொ என்றால் பரிசாம். ‘என் பரிசு எங்கே’ என்று கேட்டு நின்றிருக்கிறேன்.

மீனா: 😂😂

செல்வம்: கார்த்தி, இப்படி எழுது. ‘உனொஹ்தின் வெரொகொர்தின்.’ வரி அட்டையை மறந்துவிட்டேன். அட்டையை அதோடு இணைத்துவிடு. அப்புறம் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தாயா?

கார்த்தி: இரண்டு ஞாயிறு அண்ணா.

செல்வம்: சீட்டில் ‘சுன்னுந்தை’ என்று ஒரு வரி இருக்கிறதா பார்.

கார்த்தி: இல்லையே. எல்லா மணிக்கும் ஒரே கூலிதான் போட்டிருக்கிறார்கள்.

செல்வம்: இதுதான் நிஜமான தப்பு. ஞாயிறு வேலைக்குச் சட்டப்படியே இரட்டைக் கூலி. இங்கே குறைந்தபட்சக் கூலி என்று சட்டத்தில் எண் கிடையாது. அது துறைக்குத் துறை போடும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கும். ‘தெஸ்’ என்பார்களே, அது. ஆனால் ஞாயிற்றுக் கூலி சட்டத்திலேயே இருக்கிறது. இதையும் சேர்த்து எழுது. ‘சுன்னுந்தைலிஸ பூத்தூ.’ ஞாயிற்றுக் கூடுதல் விடுபட்டிருக்கிறது.

கார்த்தி: இப்படிக் கேட்டால் வேலையை விட்டு எடுத்துவிட மாட்டார்களா?

லதா: வேலை போவதற்கு இவர்கள் சொல்வது ‘உதை வாங்குவது’. பொத்குத். கூலியில் விட்டதைக் கேட்டு யாரும் உதை வாங்கி நான் பார்த்ததில்லை. கேட்காமல் பல மாதம் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

மீனா: வாய்விட்டு ‘உனக்கு எவ்வளவு சம்பளம்’ என்று கேட்டால்தான் இவர்களுக்குச் சங்கடம். ஆனால் நவம்பர் வந்தால் முந்தைய வருடம் அதிகம் சம்பாதித்தவர்களில் யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பத்திரிகையிலேயே போடுவார்கள். அந்த நாளுக்குப் பொறாமை நாள் என்றே பெயர்.

கார்த்தி: அனுப்பிவிட்டேன்.

கார்த்தி: பதில் வந்துவிட்டது! ‘கொர்யதான் என்ஸி திலீன்.’

செல்வம்: அடுத்த சம்பளத்தில் சரிசெய்கிறோம் என்கிறார்கள். திலி என்றால் வங்கிக் கணக்கு. பேச்சில் சம்பளத்துக்கும் அதுவேதான்.

லதா: அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திரு தம்பி. அடுத்த சீட்டு வந்ததும் ‘சுன்னுந்தை’ வரியை முதலில் தேடு.

மீனா: ஆப்பில் போடாமல்.