இரண்டு டியூ நின்றுவிட்டது: வீட்டுக் கடனை மாற்றி எழுத ஒத்துக்கொள்ளலாமா?

பூங்கொடி, திருப்பூர்:

வணக்கம். வீட்டுக் கடனில் அக்டோபர், நவம்பர் டியூ இரண்டும் நின்றுவிட்டது. மாதம் 16,778 ரூபாய், ஐந்தாம் தேதி பிடிப்பார்கள். வட்டி 9.5 சதவீதம், இன்னும் 184 மாதம் இருக்கிறது. கடன் கொடுத்தது பேங்க் இல்லை, ஒரு வீட்டுக் கடன் நிறுவனம்.

வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் டெய்லர், நான் அங்கேயே செக்கிங். கம்பெனி முழுக்க அமெரிக்க ஆர்டர். 2025 ஆகஸ்ட் கடைசியில் அங்கே வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, இப்போது வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. இருவருக்குமாக 42,000 வந்த இடத்தில் 25,000 வருவதே பெரிய விஷயம்.

நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "ரீஸ்ட்ரக்சர் பண்ணிக்கலாம்க்கா, நின்ன டியூவை அசலோட சேர்த்து அஞ்சு வருஷம் கூட்டிடலாம், புது டியூ 15,379" என்றார். சனிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். நகையை வைத்துக் கட்டு என்கிறார் அத்தை. நாலு பவுன் இருக்கிறது. வீட்டுக்காரரோ, விற்றுவிட்டு தேனிக்கே போய்விடலாம் என்கிறார். மகள் பத்தாவது படிக்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணி, கரூர்:

கையெழுத்துப் போடுங்க அக்கா. கொரோனா சமயத்தில் நானும் இப்படித்தான் வருஷத்தைக் கூட்டிக்கொண்டேன். வட்டி கூடத்தான் போகிறது, ஆனால் வீடு கையில் இருக்கிறது.

ராமசாமி, ஈரோடு:

நான் பேங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்மணி, சனிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு எதுவும் இல்லை. முதலில் கணக்கைப் பாருங்கள்.

டியூ 16,778-இலிருந்து 15,379 ஆகிறது. மாதம் 1,399 ரூபாய் குறைகிறது. அதற்காக 244 மாதம் கட்டினால் மொத்தம் 37.5 லட்சம். நின்ற இரண்டையும் கட்டிவிட்டு இப்போதைய கணக்கிலேயே போனால் மொத்தம் 31.2 லட்சம். ஆறு லட்சத்துக்கு மேல் கூடுதல். வருமானம் 17,000 குறைந்த வீட்டுக்கு 1,399 எந்த மூலைக்கு? உங்கள் டியூவில் பெரும்பகுதி வட்டிதான், இந்தத் தொகைக்கு மாத வட்டியே 13,100 ஆகிறது. எத்தனை வருஷம் நீட்டினாலும் டியூ அதற்குக் கீழே வராது. நீட்டிப்பு என்றதும் பாரம் பாதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கடனின் ஆரம்ப வருஷங்களில் அது நடப்பதில்லை.

மணி சொன்னதை ஒதுக்கவில்லை. 2020-இல் ரிசர்வ் வங்கியே தனி ஏற்பாடு கொடுத்தது, ஒழுங்காகக் கட்டி வந்தவர்கள் மாற்றி எழுதினாலும் கணக்கு வாராக்கடன் ஆகாமல் இருக்க வழி இருந்தது. இப்போது அப்படி இல்லை. கஷ்டத்தால் மாற்றி எழுதிய கணக்கு என்று சிபிலில் (நம் கடன் வரலாற்றுப் பதிவில்) ஏறினால், நாளைக்கு வட்டி குறைந்த பேங்குக்குக் கடனை மாற்றுவது ரொம்பச் சிரமம்.

அடுத்தது தேதி. அக்டோபர் 5 டியூவிலிருந்து 90 நாள் என்றால் ஜனவரி முதல் வாரம். அதைத் தாண்டினால் வாராக்கடன். அப்புறம் ஒரு டியூ கட்டினேன், இரண்டு கட்டினேன் என்றால் கணக்கு மீளாது, பாக்கி முழுவதும் தீர வேண்டும். 2002-இல் வந்த சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைக் கையில் எடுக்க அவர்களுக்கு வழி உண்டு.

நான் சொல்வது இது: நகையில் ஒரு பகுதியை பேங்கில் வைத்து 33,556-ஐக் கட்டுங்கள். ஒன்றரைப் பவுனே தாராளம். அடகுக் கடை வேண்டாம். கணக்கு சரியானதும் வட்டியைக் குறைக்க எழுதிக் கேளுங்கள். 2025 பிப்ரவரி தொடங்கி ஜூனுக்குள் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் தரும் வட்டி, 6.50-இலிருந்து 5.50-க்கு வந்தது. பேங்குகளின் புது வீட்டுக் கடன்களுக்கு அது தானாகவே இறங்கும், வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நாம்தான் கேட்க வேண்டும். 8.5 ஆனாலே டியூ 15,800-க்கு வரும், ஒரு வருஷம்கூடக் கூடாமல்.

மீதி நகை மகள் பரீட்சை முடியும்வரை டியூவுக்குக் கை கொடுக்கும். அதற்குள் வேலை திரும்பவில்லை என்றால் வீட்டுக்காரர் சொல்வது தப்பில்லை, விற்கலாம். ஏலத்துக்குப் போகவிடாமல் நீங்களே விற்றால் நல்ல விலை நிற்கும்.

செல்வி, அனுப்பர்பாளையம்:

அக்கா, உள்நாட்டு ஆர்டர் எடுக்கும் யூனிட்களில் விசாரியுங்கள். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுக்குச் சரக்கு போடுகிற சின்ன கம்பெனிகள் பவர்டேபிளுக்கு ஆள் எடுக்கிறார்கள். பீஸ் ரேட் குறைவுதான், ஆனால் ஆறு நாளும் வேலை இருக்கும். என் தம்பி அப்படித்தான் மாறினான்.

பூங்கொடி, திருப்பூர்:

ரொம்ப நன்றிங்க ஐயா. அந்தத் தம்பி கொடுத்த தாளை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். புது அசல் 16,59,000 என்று இருக்கிறது. அதற்கு மேலே பென்சிலில் கூட்டிய கணக்கில் "அபராதம் 3,000" என்றும் ஒரு வரி. வட்டி விகிதம் எழுத வேண்டிய கட்டம் காலி. பின்பக்கம் என் கையெழுத்து, வீட்டுக்காரர் கையெழுத்து, கூட்டுக் கடன்காரர் என்று அத்தை கைரேகைக்கும் ஓர் இடம். அந்த 3,000-க்கும் இருபது வருஷம் வட்டி கட்ட வேண்டுமா?

ராமசாமி, ஈரோடு:

கூடாது. அபராதத்தைத் தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அதன் மேல் வட்டி ஏறக் கூடாது என்று 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அசலில் சேர்த்திருந்தால் அதை வட்டிக்கு விட்டதாகத்தான் அர்த்தம். அபராதத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டிக் கட்டம் காலியாக இருக்கும் தாளில் வீட்டில் ஒருவரும் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை கிளைக்கு நேரில் போய், கணக்கு அறிக்கையையும் நிலுவை விவரத்தையும் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போது "அக்டோபர், நவம்பர் டியூவுக்கு" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் முதலில் அபராதத்துக்கு வரவு வைத்துவிட்டு டியூ இன்னும் பாக்கி என்பார்கள். பதில் சரியாக வராவிட்டால் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் புகார் போடலாம். வசூலுக்கென்று போன் செய்தால் காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் எடுக்க வேண்டியதில்லை. அறிக்கை கைக்கு வந்ததும் தொகைகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.