டெக்சாஸ் வெண்டியர் கல்லறை வாசகங்களைப் படிக்க உதவி வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். 1854இல் பாதிரியார் யான் கிலியான் தலைமையில் ஜெர்மனியின் லுசாட்டியாவை விட்டு டெக்சாஸில் குடியேறிய வெண்டியர்களை (சோர்பியர் என்றும் சொல்லப்படும் சிறிய ஸ்லாவிய இனத்தவர்) பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பென் நெவிஸ் என்ற ஒரே கப்பலில் ஐந்நூறு பேருக்கு மேல் கிளம்பியிருக்கிறார்கள். வழியிலேயே காலரா வந்து பலரை வாரிக்கொண்டு போனது. பிரஷ்ய அரசு தங்கள் லுத்தரன் சபையை இன்னொரு சபையோடு இணைத்ததை அவர்களால் ஏற்க முடியவில்லை; பிழைப்பும் கஷ்டமாக இருந்தது. நம்பிக்கைக்காக ஊரையே விட்டுப் போனவர்கள் என்பதுதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

அவர்கள் உருவாக்கிய செர்பின் ஊரில் 1871இல் முடிந்த புனித பவுல் தேவாலயம் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. பிரசங்க மேடை கீழே இல்லை, மாடத்தின் உயரத்தில்! அந்தக் காலத்தில் ஆண்கள் மாடத்திலும் பெண்கள் கீழேயும் உட்காருவார்களாம்.

பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் வெண்டிய மொழி (அதாவது சோர்பிய மொழி), ஜெர்மன், ஆங்கிலம் மூன்றிலும் கற்கள் உண்டு. ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள் யாராவது போனால், பழைய கற்களை எழுத்து தெளிவாகத் தெரியும்படி படமெடுத்துத் தர முடியுமா? காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பழைய ஜெர்மன் அச்செழுத்து, சோர்பிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கல்லைச் சுரண்டவோ சுண்ணாம்புக்கட்டி தேய்க்கவோ வேண்டாம்.