கண்மாய்க்குள் இருப்பது யார்? கோடைக் கதைகளை முன்வைத்து ஒரு சண்டை

முகப்புத்திண்ணை:
ஒவ்வொரு மே மாதமும் கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் பெரிய வீட்டில் உறவுப் பிள்ளைகள் கூடுவார்கள். இந்த வருடம் பதினொரு பேர். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பாயை விரித்து, ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு கதை வாசிக்கிறேன். இந்த முறை எல்லாமே நீருக்குள் இருந்து வரும் பயங்கரங்கள்: ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியின் பூதம், கப்பலைக் கவிழ்க்கும் கிராக்கன், ஜப்பானின் கப்பா. மூன்றாம் இரவே இரண்டு பிள்ளைகள் பின்புறத்து இரண்டாங்கட்டுக்குத் தனியாகப் போக மறுத்துவிட்டார்கள். எனக்குப் பரம திருப்தி. இன்னும் பத்து இரவுகள் இருக்கின்றன. கதை சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை:
அண்ணே, தயவுசெய்து நிறுத்துங்கள். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர்க் கண்மாயில் சவுடு அள்ளியவர்கள் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விட்டுப் போனார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பியது. முழங்கால் அளவு நீர்தானே என்று நடந்த என் வகுப்புத் தோழன் திரும்பவில்லை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கன்னி காவு வாங்கிவிட்டாள்." கரையில் பொங்கல் வைத்தார்கள். மண் அள்ளியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளம் அப்படியே கிடந்தது. நீர்ப்பிசாசுக் கதை என்றாலே எனக்கு அந்தப் பொங்கல் வாசனைதான் வருகிறது.

ரங்கோன்பேரன்:
தம்பி சொன்னது நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் குற்றம் ஊராருடையது, கதையுடையது அல்ல. குடிக்கிற ஊருணியில் கால் நனைத்தால் கன்னி இழுத்துவிடுவாள் என்று என் அப்பத்தா சொன்னார்கள். அந்தப் பயத்தில்தான் நாங்கள் படியில் நின்று குடத்தால் மொண்டோம், யாரும் உள்ளே இறங்கவில்லை. குழாய் வருவதற்கு முன் ஊரே அந்த நீரைத்தான் குடித்தது. காவல்காரன் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்த கதை அது!

முகப்புத்திண்ணைக்கு ஒன்று. என் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். அங்கே டெல்டா பக்கத்தில் படகு விடுபவர்கள் ஊ ஷின் ஜீ என்ற நீர்க்காவல் தெய்வத்துக்குப் படையல் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். அதையும் ஓர் இரவு சொல்லுங்கள்.

நூலகப்பூனை:
உங்கள் சண்டை நடக்கட்டும். என் வருத்தம் வேறு. ஏன் ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறீர்கள்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் ஆற்றுச் சுழிக்குள் "கொடுந்தாள் முதலையும் இடங்கரும் கராமும்" என்று ஒரே மூச்சில் மூன்று வகை முதலைகளைச் சொல்கிறார். இருட்டில் அந்த மூன்று பெயர்களையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், கிராக்கன் வெட்கப்படும். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டது இன்னொன்று. விழுங்கிய பிள்ளை, இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு வெளியே வருகிறான்! எந்தப் பேய்க்கதையில் இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது?

அதைவிடப் பெரியது மணிமேகலையில் இருக்கிறது. இந்திர விழாவை எடுக்க மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. நகரத்தார் அங்கிருந்து வந்தவர்கள் என்றுதானே நம் பெரியவர்கள் சொல்கிறார்கள்? நம் வீடுகளை இவ்வளவு உயரமாக மேடையிட்டுக் கட்டியதே அந்த வெள்ளத்தின் பயத்தால்தான் என்பவர்களும் உண்டு. பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அந்த வளவே கதைக்குள் இருக்கிறது.

கண்மாய்க்கரை:
ரங்கோன்பேரன் அண்ணே, ஜப்பானில் கப்பா படம் போட்ட எச்சரிக்கைப் பலகையைக் குளத்தின் கரையிலேயே நட்டு வைக்கிறார்கள். கதையும் பலகையும் சேர்ந்து நிற்கின்றன. நம் ஊரில் கதை மட்டும் நிற்கிறது. இன்னொன்று: பயந்த பிள்ளை நீச்சல் கற்பதில்லை. உங்கள் அப்பத்தா காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள், தானாக நீந்தினார்கள். இன்று கன்னியும் இருக்கிறாள், கைப்பேசியும் இருக்கிறது, சுரைக்குடுக்கையை மட்டும் காணோம்.

ரங்கோன்பேரன்:
சுரைக்குடுக்கைக்குத் தலைவணங்குகிறேன். கன்னியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முகப்புத்திண்ணை:
நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லாக் நெஸ் கதையின் மறுபாதியை வாசித்தேன். 1934இல் உலகமே பார்த்த அந்த நீண்ட கழுத்துப் படம், பொம்மை நீர்மூழ்கியில் ஒட்டிய தலை என்று 1994இல் வெளிவந்தது. 2018இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மலின் குழு ஏரி நீரை எடுத்து அதில் கலந்திருக்கும் டிஎன்ஏவைத் தேடியது. ஊர்வன இனத்தின் தடயமே இல்லை, விலாங்கு மட்டும் ஏராளம். பிள்ளைகள் ஏமாந்து போவார்கள் என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பெண் எழுந்து, "அப்படியென்றால் நம் கண்மாயில் என்ன இருக்கிறது என்று நாமும் பார்க்கலாமே" என்றாள். இன்று மாலை கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்க்கப் போகிறோம். பெரியவர்கள் நான்கு பேர் கூட வருகிறார்கள். கதைகள் தொடரும், அதில் மாற்றம் இல்லை. அவிநாசி முதலை இன்றிரவே.

கண்மாய்க்கரை:
கயிறு எதற்கு அண்ணே? மே மாதம். கண்மாய் முக்கால்வாசி வற்றித்தான் கிடக்கும். பள்ளங்கள் வாயைத் திறந்துகொண்டு வெயிலில் படுத்திருக்கும். மடைப் பக்கத்தில் இருந்து தொடங்கி உள்வாய் முழுக்க நடத்திக் காட்டுங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிள்ளைகளையே ஒரு பூதத்தின் பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் நீர் மூடிய பிறகு அந்தப் பெயர்கள் அவர்களுக்கு நினைவிருக்க வேண்டும். இடங்கர், கராம் இரண்டும் நல்ல பெயர்கள். வரப்போரத்தில் நெருஞ்சி இருக்கும், செருப்புப் போட்டுப் போகச் சொல்லுங்கள்.