டெலீட் செய்ய ஸ்டோர்டு புரொசீஜர் கட்டாயமா?

இளநிரலன்:
எங்கள் வெப் அப்ளிகேஷனில் ஆர்டர் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு டெலீட் பட்டன். சி ஷார்ப் கோடிலேயே, மதிப்பைத் தனியாக அனுப்பும் பாராமீட்டர் வைத்து டெலீட் குவெரி எழுதியிருந்தேன். "டெலீட் எல்லாம் ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு) வழியாகத்தான்" என்று ரிவியூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர். பாராமீட்டர் இருந்தாலே இன்ஜெக்‌ஷன் (பயனர் தரும் உரை வழியே வேறு கட்டளையை நுழைப்பது) பயம் இல்லையே, பிறகு இது எதற்கு?

தறி:
உங்கள் கோடு சரி. குவெரியை எங்கே எழுதுகிறோம் என்பதில் இன்ஜெக்‌ஷன் வருவதில்லை. பயனர் கொடுத்ததை அப்படியே சரத்தில் ஒட்டும்போதுதான் வருகிறது. டேபிள் பெயரையும் நிபந்தனையையும் வாங்கி, உள்ளே ஒட்டி, எக்ஸெக் கட்டளையால் அதை இயக்கும் புரொசீஜர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர்தான் புரொசீஜர், உள்ளே அதே ஓட்டை. போதாக்குறைக்கு லாஜிக் இரண்டு இடத்தில் பிரிந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்து பக் தேடுகிறவர் படும் பாடு இருக்கிறதே!

இரவுப்பணி:
இன்ஜெக்‌ஷன் காரணமே இல்லை, தறி. காரணம் அனுமதி. அப்ளிகேஷன் டேட்டாபேஸில் நுழையும் லாகினுக்கு டேபிள் மேல் டெலீட் அனுமதி கொடுக்காமல், புரொசீஜரை இயக்கும் எக்ஸிகியூட் அனுமதி மட்டும் கொடுக்கலாம். புரொசீஜருக்கும் டேபிளுக்கும் ஒரே ஓனர் என்றால், எஸ்கியூஎல் சர்வர் டேபிள் அனுமதியைத் தனியாகப் பார்க்காது. அப்ளிகேஷனில் வேறெங்கோ ஒரு பக்கத்தில் ஓட்டை விழுந்தாலும், எந்த வரி என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனை இல்லாத டெலீட்டை யாரும் ஓட்ட முடியாது. நீங்கள் சொன்ன ஒட்டுவேலை புரொசீஜரும் இந்த அமைப்பில் டெலீட் செய்யாது. டைனமிக் எஸ்கியூஎல் (இப்படிச் சரத்தை ஒட்டி இயக்குவது) வந்ததும் அந்த ஓனர் சங்கிலி அறுந்துவிடும், லாகினின் சொந்த அனுமதியைத்தான் சர்வர் கேட்கும்.

தறி:
ஒப்புக்கொள்கிறேன், இது வலுவான காரணம். ஆனால் உங்கள் புரொசீஜர் ஆர்டர் எண்ணை மட்டும் வாங்குகிறதா? அப்படியானால் அப்ளிகேஷனில் லாகின் செய்த எந்தப் பயனரும் ரிக்வெஸ்ட்டில் 101ஐ 102 ஆக்கி அடுத்தவர் ஆர்டரை அழிக்கலாம். லூப் போட்டால் முழு டேபிளும் போகும்.

இரவுப்பணி:
ஆமாம், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பயனர் எண்ணையும் இன்னொரு பாராமீட்டராக வாங்கி, வேர் நிபந்தனையில் இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்த எண் சர்வரே வைத்திருக்கும் செஷனிலிருந்து வரவேண்டும். படிவத்தில் மறைத்து வைத்த புலத்திலிருந்து எடுத்தால் எல்லாம் வீண்.

மரக்கிளை:
புரொசீஜர் என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸில் ஒரு புரொசீஜர் எழுதினேன். டேபிள் காலத்தின் (column) பெயர் ஐடி, பாராமீட்டருக்கும் ஐடி என்றே பெயர் வைத்தேன். நிபந்தனை: வேர் ஐடி = ஐடி. மைஎஸ்கியூஎல் இரண்டையுமே பாராமீட்டராகத்தான் எடுத்துக்கொள்ளும். எந்த வரிக்கும் அது உண்மை. ஒரு வரியை அழிக்கப் போய் டேபிளே காலி. பேக்அப்பிலிருந்து மீட்கும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. ஆரக்கிளில் இரண்டையும் டேபிள் காலமாக எடுத்துக்கொள்ளும், ஆனால் விளைவு கிட்டத்தட்ட இதேதான். போஸ்ட்கிரெஸ் மட்டும் பொதுவாகப் பெயர் குழப்பம் என்று பிழை காட்டி நின்றுவிடும். எஸ்கியூஎல் சர்வரில் பாராமீட்டருக்கு முன்னால் @ வருவதால் நீங்கள் தப்பித்தீர்கள். மற்றவர்கள் பாராமீட்டர் பெயருக்கு முன்னால் பி_ சேர்த்துவிடுங்கள்.

இளநிரலன்:
புரொசீஜராக மாற்றிப் பார்த்தேன். வரி அழிகிறது, ஆனால் எத்தனை வரி மாறியது என்று சொல்ல வேண்டிய எக்ஸிகியூட்நான்குவெரி -1 தருகிறது. அழிந்ததா இல்லையா என்று பயனருக்கு எப்படிச் சொல்வது?

இரவுப்பணி:
உள்ளே செட் நோகவுண்ட் ஆன் (வரி எண்ணிக்கையை அனுப்பாதே என்ற கட்டளை) இருக்கும், அதனால்தான் -1. டெலீட்டுக்கு அடுத்த வரியிலேயே பாதித்த வரிகளின் எண்ணிக்கையான @@ரோகவுண்ட்டை ஒரு மாறியில் பிடித்து, அதைத் திருப்பி அனுப்புங்கள். நடுவில் ஒரு இஃப் வந்தால்கூட அதன் மதிப்பு மாறிவிடும். 0 வந்தால், ஒன்று ஏற்கெனவே யாரோ அழித்துவிட்டார்கள், அல்லது அது அவருடைய ஆர்டர் இல்லை. பிழை எண் 547 வந்தால் அந்த ஆர்டருக்குக் கீழே பொருள் வரிகள் இருக்கின்றன என்று பொருள். அவற்றை முதலில் அழித்துவிட்டு ஆர்டரை அழியுங்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கும் அல்லது நடக்காமலே போகும்படி ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்கட்டும். பிழை வந்தால் முழுவதையும் பின்வாங்கும் எக்ஸ்ஆக்ட்_அபார்ட்டையும் ஆன் செய்துவிடுங்கள்.

தறி:
இளநிரலன், அந்த டெலீட் பட்டன் வெறும் லிங்க் அல்லவே? கெட் (பக்கத்தைப் படிக்க மட்டுமான) ரிக்வெஸ்ட்டில் அழிக்கும் லிங்க் என்றால், பக்கத்தை முன்கூட்டியே இறக்கும் பிரவுசர் நீட்சி ஒன்று போதும், யாரும் அழுத்தாமலே அழிந்துவிடும். அதைப் போஸ்ட் (தரவை மாற்ற அனுப்பும்) ரிக்வெஸ்ட் ஆக்கி, வேறு தளம் பயனர் பெயரில் போலி ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் சேருங்கள். இன்னொன்று: இப்போது உங்கள் அப்ளிகேஷன் எந்த லாகினில் இணைகிறது?

இளநிரலன்:
போஸ்ட்தான், டோக்கனும் இருக்கிறது. லாகினை இப்போதுதான் பார்த்தேன். டேட்டாபேஸ் மேல் முழு அதிகாரம் கொண்ட டிபி_ஓனர் ரோலில் இருக்கிறது.

தறி:
அப்படியானால் இரவுப்பணி சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இன்று கிடையாது. அந்த லாகின் எந்த டேபிளையும் நேரடியாக அழிக்கும், டிராப்கூடச் செய்யும். லாகினை இப்படியே விட்டுவிட்டு டெலீட்டை மட்டும் புரொசீஜருக்கு மாற்றச் சொன்ன ரிவியூவை என்னால் ஏற்க முடியாது.

இரவுப்பணி:
இதில் நான் தறி பக்கம். முதலில் எல்லா டெலீட்டையும் புரொசீஜருக்குக் கொண்டுவாருங்கள், பிறகு தேவையான அனுமதிகளை மட்டும் கொடுத்துவிட்டு லாகினை அந்த ரோலிலிருந்து எடுங்கள். வரிசை மாறினால் அப்ளிகேஷன் நின்றுவிடும்.

இளநிரலன்:
கோடில் தேடினேன். நேரடி டெலீட் இன்னும் 14 இடத்தில் இருக்கிறது. பட்டியல் எடுத்து ரிவியூ செய்தவருக்கே அனுப்புகிறேன், லாகின் விஷயத்தையும் சேர்த்து.