நேபாளி அக்கா பாய் டீக்காவுக்கு கூப்பிட்டிருக்காங்க, என்ன செய்யணும்?

தென்காசி_தம்பி:
பெங்களூர்ல என் டீம்ல ஒரு நேபாளி அக்கா இருக்காங்க, அவங்க தம்பி கத்தார்ல வேலை பாக்கறதால இந்த வருஷமும் லீவு இல்லையாம், அதனால பாய் டீக்காவுக்கு, அதாவது அக்கா தங்கச்சி கூடப்பொறந்தவனுக்கு நெத்தியில பொட்டு வைக்கற அவங்க பண்டிகைக்கு, நீ வந்து உக்காருடான்னு கூப்பிட்டாங்க. எனக்கு கூடப்பொறந்தவங்க யாரும் கிடையாது, அவங்க கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. அங்க என்ன பண்ணுவாங்க, நான் என்ன கொண்டு போகணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இமயம்_ராஜா:
கண்டிப்பா போங்க. காத்மாண்டுல சில வருஷம் இருந்தவன், அதனால சொல்றேன். நம்ம தீபாவளியை ஒட்டி வர்ற திஹார்ங்கற நேபாளிப் பண்டிகை அஞ்சு நாள், முதல் நாள் காக்காவுக்கு, ரெண்டாவது நாள் நாய்க்கு, கடைசி நாள்தான் பாய் டீக்கா. உங்களை தரையில பாய் விரிச்சு உக்கார வச்சு சுத்தி எண்ணெய் விட்டுக்கிட்டே வருவாங்க, தலையிலயும் கடுகெண்ணெய் வைப்பாங்க, நெத்தியில வெள்ளையா ஒரு பட்டை இழுத்து அது மேல ஏழு கலர்ல வரிசையா பொட்டு, கழுத்துல மகமலி மாலை. மகமலின்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம வாடாமல்லிதான்! தம்பி உயிரை எடுக்க எமன் வந்தப்போ யமுனைங்கற ஒரு பொண்ணு, இந்த எண்ணெய் காயணும், டீக்கா அழியணும், மாலை வாடணும், அதுவரைக்கும் என் தம்பியை தொடக்கூடாதுன்னு சொன்னதா அங்க ஒரு கதை. வாடாத பூவா பாத்து போடறது அதுக்குத்தான். வாசல்ல அக்ரூட் வச்சு உடைப்பாங்க, அது தம்பிக்கு வர்ற கெடுதலை உடைக்கறது.

கூடப்பொறந்தவங்க இல்லைன்னு வருத்தப்படாதீங்க. காத்மாண்டுல ராணி போக்ரின்னு ஒரு குளம், 1670-ல பிரதாப் மல்லா ராஜா, மகனை பறிகொடுத்த ராணிக்காக வெட்டினது. நடுவுல இருக்கற சிவன் கோயிலை பாய் டீக்கா அன்னிக்குத்தான் ஜனங்களுக்கு திறப்பாங்க, அக்கா தங்கச்சி அண்ணன் தம்பி இல்லாதவங்க அங்க போய் டீக்கா வச்சுக்குவாங்க. 2015 பூகம்பத்துல இடிஞ்சதை திரும்ப கட்டிட்டாங்க.

கும்பகோணம்_மாமி:
படிக்கும்போதே எங்காத்து கனுப்பிடி ஞாபகம் வந்துடுத்து. பொங்கலுக்கு மறுநாள் மஞ்சள் இலையில கலர் கலரா சாதம் பிடிச்சு காக்காய்க்கு வச்சு, கூடப்பொறந்தவா நன்னா இருக்கணும்னு வேண்டிப்போம், அண்ணா தம்பி கனு சீர் அனுப்புவா. நீயும் வெறுங்கையோட போகாதேப்பா, ஒரு நல்ல புடவையும் கவர்ல பணமும் வச்சுக் குடு.

இமயம்_ராஜா:
மாமி சொன்னது சரி. அப்புறம் நீங்களும் அவங்க நெத்தியில டீக்கா வைக்கணும், மறந்துடாதீங்க. டீக்காவுக்குன்னு நல்ல நேரம் குறிச்சிருப்பாங்க, எத்தனை மணின்னு முதல்லயே கேட்டுக்கோங்க. சாப்பாட்டுல செல் ரொட்டி இருக்கும், அரிசி மாவை வளையமா ஊத்தி பொரிச்சது, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க.

தென்காசி_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மாமி. புடவை எடுக்க நாளைக்கே போறேன். அந்த நேரத்துக்கு கத்தார்ல இருக்கற தம்பியை வீடியோ கால்ல கூப்பிட முடியுமான்னும் அக்காகிட்ட கேக்கறேன்.